பேச்சுத்துணை

சின்னண்ணனின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுண்டுவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. யாரோ பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனதுபோல அது அடித்துக்கொண்டே இருந்தது.

படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். “டிரைவர் வந்துட்டான். அவனுக்கு ஹாரன் அடிச்சே பழக்கம்.”

சில நாட்களாக ‘தண்ணி’, ‘போதும்’ என்பதைத் தாண்டி அவர் வாயிலிருந்து எதுவும் வந்திருக்கவில்லை. அவள் நகவெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வாசலில் மூன்று பேர் நின்றார்கள். பருத்த உடம்போடு, மணியிலிருந்து அப்போதுதான் கையை எடுத்தவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் மீசையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக பேங்க்காரர். மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு, மூன்று பேருடைய பெட்டியையும் தானே தூக்கி வந்தவர் ஒரு ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். மூன்று பேரையும் அவள் போட்டோக்களில் பார்த்திருக்கிறாள். ஏதோ ஒரு கடல், ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு ரயில் நிலையம். அவற்றின் நடுவில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் சின்னண்ணன்.

“தங்கச்சிதானே? உன் அண்ணன் உன்னப் பத்திப் பேசியே எங்க காத அறுத்துட்டான்,” என்றார் டிரைவர். “வாசல்ல நிக்குதே மஞ்ச வேன், உன்னுதா? டயர்ல காத்து கம்மியா இருக்கு.”

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். விடுமுறைக்காலம் என்பதால் அண்ணனோடு வந்து இருக்க முடிந்தது. அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்கள் ஏறி இறங்குவது அவர் கையால்தான் என்று சொல்லிக்கொள்வார். நுரையீரல் கெட்டுப்போய், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். வீடு என்றால் மூக்குக்கண்ணாடிக்கடையின் மேலே இருக்கும் இந்த மாடி. கடைக்குச் சொந்தக்காரரோடு சின்னண்ணன் இங்கேதான் இளமை முழுக்க வாழ்ந்தார், இங்கேதான் தலை நரைத்தார்.

சின்னண்ணன் ஆண்களை நேசிக்கிற ஆண் என்பதும், கண்ணாடிக்கடைக்காரர் அவருக்கு யார் என்பதும் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா இருந்தவரைக்கும் அவரை ‘கூட இருக்கற தம்பி’ என்பாள். பெரியண்ணன் எதுவுமே சொல்லமாட்டார், இந்த மாடிக்கும் வந்ததில்லை. அவள் மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கடைக்காரரை ‘சார்’ என்று கூப்பிட்டு, அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போவாள்.

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அவர் படியேறி வந்தார். மூன்று பேரையும் பார்த்ததும் சிரிக்க முயன்று, முடியாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நர்ஸ் அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார். நாடி பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், தலையணையைச் சற்று உயர்த்தினார். பிறகு அவளை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

“யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடும்மா.”

அவள் பெரியண்ணனுக்குப் போன் போட்டாள். “வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அறையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. முதலில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலைச் சுற்றி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாகக் கிடப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து கத்துகிறார்களே!

“ஏர்போர்ட்ல பணம் மாத்தறவன் அடிமுட்டாள்,” என்றார் பேங்க்காரர். “பட்டப்பகல் கொள்ளை அது. ஊருக்குள்ள போய்த்தான் மாத்தணும்.”

“ஊருக்குள்ள போக டாக்சிக்காரனுக்கு எதக் குடுப்ப? உன் மீசையையா?” என்றார் டிரைவர்.

“கொஞ்சமா மாத்திக்கணும். கொஞ்சமா!”

“கொஞ்சமா மாத்தினா நீ கொஞ்சம் முட்டாளா?”

கட்டிலில் கிடந்தவரின் உதடு ஓரத்தில் இழுபட்டது. சிரிக்கிறார். அவள் பேசாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இவர்கள் வருஷா வருஷம் சேர்ந்து ஊர் சுற்றுகிறவர்கள். தனியாகப் போனால் பயம், சேர்ந்து போனால் செலவும் மிச்சம் என்று ஆரம்பித்ததாம். எந்த ஊர் நல்ல ஊர் என்பதற்கு இவர்களிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. இரண்டு ஆண்கள் போய் ஒரே கட்டில் இருக்கும் அறை வேண்டுமென்று கேட்டால் முகத்தைச் சுளிக்காமல் சாவியை நீட்டுகிற ஊர் நல்ல ஊர். கடலும் மலையும் கோபுரமும் அதற்கு அப்புறம்தான். ஒரு துறைமுக ஊரில் அறைக்காரம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, “கட்டில் கிறீச்சுனு சத்தம் போடும், கோவிச்சுக்காதீங்க” என்றாளாம். அவளுக்கு இவர்கள் இன்றைக்கும் வாழ்த்து அனுப்புகிறார்கள். கண்ணாடிக்கடைக்காரர் இதைச் சொல்லும்போது அவர் காது சிவந்துபோனது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பவர், பிரேம் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

அதற்குள் பேச்சு வேறு ஒரு நாட்டுக்குப் போயிருந்தது. அடுத்த பயணத்துக்கு நர்ஸ் ஒரு இடம் சொன்னார். டிரைவர் எகிறினார்.

“நம்மளப் பிடிச்சு உள்ள போடறேன்னு சட்டம் வச்சிருக்கற ஊருக்கு நான் எதுக்குய்யா போய்க் காசக் கொட்டணும்?”

“சட்டம் போட்டவன் மாளிகைல உக்காந்திருக்கான். உன் காசு காப்பி போடறவனுக்குப் போகுது,” என்றார் நர்ஸ். “அந்தக் காப்பி போடறவனும் நம்ம மாதிரி ஆளா இருந்தா? நாலு பேரு ஒண்ணா வந்து சிரிச்சுப் பேசிட்டுப் போறதப் பாத்தாலே அவனுக்குத் தெம்பு வராதா?”

“தெம்பு அவனுக்கு, ஜெயில் எனக்கா?”

“அந்தக் காசுல வரி எவ்வளவு, அது எங்க போகுதுன்னு பாக்கணும்...” என்று பேங்க்காரர் ஆரம்பித்தார்.

“நீ வாய மூடு. எத எடுத்தாலும் வட்டி போடுவான்.”

சின்னண்ணன் விரலை அசைத்தார். அவ்வளவுதான், நாலு பேரும் சட்டென்று நிறுத்திவிட்டுக் குனிந்தார்கள். நடுவரின் தீர்ப்புக்குக் காத்திருப்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம் என்று அவளுக்குப் புரிந்தது.

“போகணும்,” என்றார் அவர். மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. “ஆனா... டிப்ஸ் குடுக்கக் கூடாது.”

வீடே அதிர்ந்தது. டிரைவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே குனிந்து, சின்னண்ணன் நெற்றியில் உதட்டை வைத்து எடுத்தார். அவள் எதிரில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. அவள் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

நர்ஸ் டீ போட எழுந்து போனார். போனவர் அங்கிருந்தே சண்டையைத் தொடர்ந்தார். எங்கோ நடக்கும் யுத்தம், அதனால் ஏறின எண்ணெய் விலை, அதனால் ஏறின டிக்கெட் விலை, யாரை யார் தேர்ந்தெடுத்ததால் இந்தக் கதி என்று போய், சுற்றிச் சுற்றி மறுபடியும் ஏர்போர்ட்டுக்கே வந்து நின்றது. டிரைவர் எழுந்து நின்று, ஒரு டாக்சிக்காரனிடம் கள்ள நோட்டு வாங்கி, அதை அவனிடமே திருப்பித் தள்ளின கதையை நடித்துக் காட்டத் தொடங்கினார்.

அவள் மடியில் இருந்த கை கொஞ்சம் கனத்தது. நிமிர்ந்து பார்த்தாள். போர்வை ஏறவில்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

சின்னண்ணன் முகம் டிரைவர் பக்கம் திரும்பியிருந்தது. எத்தனையோ தடவை கேட்ட கதையைக் கேட்கிற முகம். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று தெரிந்து, அதற்காகக் காத்திருக்கிற முகம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கதை முடியட்டும் என்று இருந்துவிட்டாள்.

டிரைவர் கதையை முடித்தார். பேங்க்காரர், “பொய்! அன்னிக்கு அந்த நோட்ட வாங்கினதே நீ இல்ல” என்றார். கண்ணாடிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டில் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு, வாங்கினது யாரு?”

அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

நர்ஸ் தட்டோடு உள்ளே வந்தார். ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தார். யாரும் கத்தவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் மெல்ல அருகில் உட்கார்ந்து, சின்னண்ணனின் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். அதன் இரண்டு வில்லைகளையும் சட்டை நுனியால் நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு கறை மிச்சமிருந்ததோ என்னவோ, மறுபடியும் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிவைக்க வேண்டியிருந்தது.

“கல்யாணம் காட்சி இல்லாம இருக்கியே, கடைசில உனக்குன்னு யாருடா இருப்பா?” என்று அம்மா கேட்டுக்கேட்டு அழுதது அவள் நினைவுக்கு வந்தது. அதே பயம் அவளுக்கும் உள்ளுக்குள் இருந்தது. இப்போது அந்தச் சிறிய அறையில் கால் வைக்க இடமில்லை. ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. “சர்க்கரை போதுமா?” என்று கேட்டாள்.

பெரியண்ணன் பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தார். சுங்கத்துறையில் அதிகாரியாக இருந்தவர். இன்னமும் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் சோதனைக்கு வந்தவர்போலத்தான் நிற்பார். தம்பியின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பெரியண்ணன் அதை வாங்கி முழுவதையும் குடித்துவிட்டு, காலி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மின்மயானத்தில் கூட்டம் இல்லை. பணியாள் ஒருவர் வந்து, “ஒருத்தர் வந்து இந்தப் பொத்தான அழுத்தணும். யாரு வர்றீங்க?” என்றார்.

பெரியண்ணன் பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தார். கண்ணாடிக்கடைக்காரர் கதவோரமாக, நண்பர்களுக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதுவும் பழக்கம்தான்.

“பெரியண்ணா,” என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “அவர் அழுத்தட்டும்.”

பணியாள் திரும்பிப் பார்த்தார். “அவரு இறந்தவருக்கு என்ன வேணும்?”

சாதாரணக் கேள்வி. அவள் தினமும் பள்ளிக்கூட வாசலில், பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களைக் கேட்கிற கேள்வி. அண்ணன் மனைவி என்றால் அண்ணி என்பாள். இவரை என்னவென்று சொல்வது? எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“எங்க வீட்டு மாப்பிள்ளை,” என்றாள்.

பணியாளுக்கு அது போதுமாக இருந்தது. “சரி, வரச் சொல்லுங்க” என்றார். பெரியண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எடுத்துவைத்த காலைப் பின்னால் இழுத்து, சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார். கதவோரத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்து வர கண்ணாடிக்கடைக்காரருக்கு நேரமாயிற்று. நடுவில் நர்ஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டாள். பெரியண்ணன் முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பின்னால், குழந்தைகளுக்கான குட்டை இருக்கைகளில், முழங்கால் தாடையை இடிக்க ஒடுங்கி உட்கார்ந்தார்கள். அவள் இப்படி ஒரு அமைதியோடு அந்த வேனை ஓட்டியதே இல்லை.

“கிளட்ச்ச இன்னும் மெதுவா விடு தங்கச்சி,” என்றார் டிரைவர்.

“சரிண்ணா.”

பிறகு பேங்க்காரர் யாரிடமும் இல்லாமல் ஜன்னலிடம் சொல்வதுபோலச் சொன்னார். “ஏர்போர்ட்டும் வேணாம், ஊரும் வேணாம். இங்கயே மாத்தி, கையில கட்டா எடுத்துட்டுப் போயிடணும். எவனும் கேக்க மாட்டான்.”

“கேப்பான்.”

எல்லாரும் நிமிர்ந்தார்கள். பெரியண்ணன் திரும்பாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நானே கேட்டிருக்கேன். உங்கள மாதிரி மீசை வச்சவங்களத்தான் முதல்ல கேப்போம்.”

டிரைவர் முதலில் சிரித்தார். பேங்க்காரர், “அது எந்தச் சட்டத்துல இருக்கு?” என்று முன்னால் நகர்ந்து வந்தார். பெரியண்ணன் பாதி திரும்பினார், பிறகு முழுக்கத் திரும்பினார். இருக்கையின் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு சட்டம் சொன்னார். எவ்வளவு கொண்டுபோகலாம் என்று வரம்பு சொன்னார். எந்த நாட்டுக்காரன் எதை எங்கே ஒளிப்பான் என்று சொன்னார்.

“எங்கள மாதிரி ஆளுங்க வந்தா என்ன சார் பண்ணுவீங்க?” என்று நர்ஸ் கேட்டார்.

வேன் ஒரு சிக்னலில் நின்றிருந்தது. பெரியண்ணன் யோசித்தார்.

“பெட்டியத் திறந்து பாப்பேன்,” என்றார். “எல்லார் பெட்டிலயும் ஒண்ணுதான் இருக்கும். அழுக்குத் துணி.”

பின்னால் வெடித்த சிரிப்பில் கண்ணாடிக்கடைக்காரரின் குரலும் இருந்ததா என்று அவள் தலைக்கு மேலிருந்த வேன் கண்ணாடியில் பார்த்தாள். குட்டை இருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவர் எதையோ மறுத்துச் சொல்ல விரலை உயர்த்தியிருந்தார்.

பச்சை விழுந்தது. கண்ணாடிக்கடைக்குப் போக இடப்பக்கம் திரும்ப வேண்டும். போட்டிருந்த இண்டிகேட்டரை அவள் அணைத்துவிட்டு, வேனை நேராக விட்டாள்.