தளரக் கூடாத உடம்பு

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமை தூக்கும் சுந்தரபாண்டியைத் தெரியாத லாரிக்காரர் இல்லை. அறுபது கிலோ வெங்காய மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, ஒற்றைப் பலகைமேல் ஏறி, லாரிக்குள் அடுக்கிவிட்டு, வாயில் போட்ட வெற்றிலை சிந்தாமல் இறங்கி வருவார். அத்தகைய உடம்பு ஊசியைக் கண்டால் மட்டும் வேரறுந்த வாழையாகச் சரிந்துவிடும். கண் இருளும், காது அடைக்கும், பிறகு தரைதான்.

மகள் மாரிச்செல்வி பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருக்கோ ஊசி போடுவதைக் கண்டு அவர் விழுந்த கதையை, உடன் சுமை தூக்கும் பேச்சிராஜ் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பிள்ள பெத்தவ நடந்து வந்துட்டா. பாக்கப் போன இவனத்தாம்லே ஸ்டிரெச்சர்ல கொண்டு வந்தோம்!" சந்தையே சிரிக்கும். சுந்தரபாண்டியும் சிரிப்பார்.

சிரிக்க முடியாத நாளும் வந்தது. அவருடைய மனைவி பார்வதியம்மாளுக்குச் சர்க்கரை நோய் பார்வையை மங்கவைத்துவிட்டது. இன்சுலின் ஊசியிலுள்ள கோடுகள் அவளுக்குத் தெரிவதில்லை. காலையும் மாலையும் மாரிச்செல்விதான் ஊசி போடுவாள். அந்நேரத்தில் சுந்தரபாண்டி தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வார். ஜூன் மாதத் தொடக்கத்தில், ஓசூரிலுள்ள தொழிற்சாலை ஒன்றிலிருந்து மாரிச்செல்விக்கு வேலை உத்தரவு வந்தது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். அவள் தோழியிடம் போனில் பேசியது அவர் காதில் விழுந்தது.

"நான் வரலட்டி. நான் போய்ட்டா அம்மைக்கு யாரு ஊசி போடுவா? அப்பாவா? அவுகளத் தூக்க ஆள் தேடணும்."

அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. "மாசக் கடைசி வரைக்கும் வரமாட்டேன்னு மட்டும் எழுதிராத தாயி" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை தென்காசிக்குப் பேருந்து ஏறினார். கேரளத்து லாரிகளில் ஏற்றும் வேலை மதியத்தில்தான் தொடங்கும்.

பார்வதியம்மாளின் மருத்துவர் எழுதிக் கொடுத்த முகவரியில், ஒரு மாடி அறையில், உளவியல் ஆலோசகர் ஸ்ரீமதி இருந்தாள். முப்பது வயதுகூட இராது.

"ஊசியப் பாத்ததும் என்ன செய்வீங்க, அண்ணாச்சி?"

"உடம்ப லூசா விட்டு, மூச்ச இழுத்து இழுத்து விடுவேன்மா. எல்லாரும் அப்படித்தான சொல்லுதாங்க? அப்பவும் விழுந்துருதேன்."

"அதனாலதான் விழுதீங்க" என்றாள் அவள்.

அவருடைய புஜத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். எதிரே ஓர் ஊசியின் படத்தை வைத்தாள். எந்திரத்தில் நூற்று முப்பதாக இருந்த எண், அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நூற்றுப் பத்தாயிற்று, பிறகு தொண்ணூறு. காது அடைக்கத் தொடங்கியது.

"இப்ப மூட்டை தூக்குங்க. மனசால. காலு, தொடை, வயிறு, எல்லாத்தையும் இறுக்குங்க!"

இறுக்கினார். பத்து எண்ணுவதற்குள் முகம் சூடேறியது. அடைத்த காது திறந்தது. எந்திரம் நூற்று இருபத்தைந்து என்றது.

சுந்தரபாண்டி அந்த எண்ணை வெறித்துப் பார்த்தார். ஒரு காகிதப் படம் தமக்குள்ளே ரத்தத்தைக் கீழே இறக்கியது. தம் தொடையே அதை மேலே ஏற்றியது! இத்தனை ஆண்டுகளாகக் கோழைத்தனம் என்று தாமே ஏசிக்கொண்டது, தமக்குத் தெரியாமல் உள்ளே ஏறி இறங்கிய ஓர் ஆறு.

"மத்த பயத்துல எல்லாம் ரத்த அழுத்தம் ஏறும். அங்க தளரணும். இந்த ஒரு பயத்துலதான் சட்டுன்னு இறங்கும். காயம் பட்டா ரத்தம் ரொம்பச் சிந்தாம இருக்க, பழங்காலத்துலேருந்து உடம்பு வச்சிருக்கிற தந்திரமா இருக்கலாம்னு சிலர் சொல்லுதாங்க. ஒங்க உடம்பு ஒங்களக் காப்பாத்தத்தான் பாக்கு, அண்ணாச்சி. இடந்தெரியாமப் பாக்கு."

அன்று முதல் படிப்படியாக ஏற்றினாள். படம், அறையின் மறுகோடியில் ஊசி, மேசைமேல் ஊசி, மூடி கழற்றிய ஊசி. ஒவ்வொரு படியிலும் பதினைந்து எண்ணும்வரை இறுக்கம், பின் சற்றே ஓய்வு, மறுபடி இறுக்கம். ஒரு படியில் அச்சம் அடங்காமல் அடுத்த படிக்கு அவள் விடுவதில்லை. இரண்டாம் வாரம் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து, குத்தச் சொன்னாள். அங்கேதான் முட்டிக்கொண்டது. உடம்பை இறுக்கினால் கையும் இறுகியது. ஊசி பழத்துக்குள் வளைந்தது. கையைத் தளர்த்தினால் உடம்பும் தளர்ந்தது, கண் இருண்டது.

"காலும் வயிறும் மட்டும் இறுகணும். கை பூப்போல இருக்கணும்."

"ரெண்டும் ஒரே உடம்பும்மா. அது எப்படிப் பிரியும்?"

ஏழு பழங்கள் பாழாயின. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் காலை, பேச்சிராஜ் அவரை விடாப்பிடியாக ஐந்தருவிக்கு இழுத்துப் போனார். "சீசன் களைகட்டிட்டு. ஊசிக்குப் பயந்து வீட்டுக்குள்ள கெடக்காத. தண்ணி குத்தாது, வாலே!"

அருவி இரைந்தது. பக்கத்தில் நிற்பவன் கத்துவதும் கேட்கவில்லை. சுந்தரபாண்டி அடியில் போய் நின்றார். மலை முழுவதும் தம் தோள்மேல் இறங்குவதுபோல் இருந்தது. பாதம் பாறையைக் கவ்வியது, தொடை இறுகியது, வயிறு கல்லாயிற்று. கண்ணை மறைத்த தண்ணீரை அவர் வழித்துவிட்டார்.

வழித்த விரல்கள் அப்படியே நெற்றியில் நின்றுவிட்டன.

உடம்பு முழுவதும் பாறையாக நின்றுகொண்டிருக்க, இமையை நோகாமல் துடைத்தது எந்தக் கை? விரல்களை மடக்கினார், நீட்டினார். கீரைத்தண்டுபோல் இளகியிருந்தன. மூட்டையின் அடியிலும் இதுதானே நடக்கிறது! அறுபது கிலோ முதுகில் இருக்க, சட்டைப்பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து ஒற்றை விரலால் திறப்பவர் அவர். பிரியாது என்று தாம் வாதாடியதை, இந்த உடம்பு முப்பது ஆண்டுகளாக ஒரு வார்த்தை கேட்காமல் செய்துகொண்டிருக்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தார். அருவியா, தம் உடம்பா, எது பெரிய அதிசயம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"என்னலே, மூச்சு முட்டுதா?" என்று பேச்சிராஜ் காதில் கத்தினார்.

"இல்லலே. ஆரஞ்சுப் பழம் வாங்கணும்."

எட்டாவது பழத்தில் ஊசி நேராக இறங்கியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஸ்ரீமதி அவரைப் பழத்திலேயே நிறுத்தினாள். பிறகுதான், "இனிமே வீட்டுல" என்றாள்.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி, காலை ஏழு மணி. பார்வதியம்மாள் கட்டிலில் அமர்ந்திருந்தாள். மாரிச்செல்வி இரண்டு தலையணைகளைக் கொண்டுவந்து தந்தைக்குப் பின்னால் தரையில் போட்டாள்.

"விழுந்தா பின்னால விழுங்க. என் மேல விழுந்தா நான் தாங்க மாட்டேன்" என்றாள் பார்வதியம்மாள்.

"சும்மா இருட்டி. எண்ணிக்கை தவறிரும்."

பாதத்தை ஊன்றினார். தொடையை இறுக்கினார், வயிற்றை இறுக்கினார். முகம் சூடேறியது. கையை மட்டும் அருவிக்கடியில் விட்டதுபோல் விட்டார். "இருவது யூனிட்டு" என்று உரக்கச் சொல்லி மருந்தை ஊசிக்குள் இழுத்தார். மாரிச்செல்வி குனிந்து கோட்டைப் பார்த்துத் தலையசைத்தாள். மனைவியின் வயிற்றில் தோலைத் திரட்டிப் பிடித்தார். ஊசி இறங்கியது. மெல்ல அழுத்தினார், பத்து எண்ணினார், எடுத்தார்.

எடுத்த இடத்தில் ஒரு துளி ரத்தம் எழுந்தது. இதை ஸ்ரீமதியின் ஆரஞ்சுப் பழங்கள் சொல்லித் தந்திருக்கவில்லை. சுவர் ஓரடி விலகிப் போயிற்று. காதில் இரைச்சல் கேட்டது. சுந்தரபாண்டி மூட்டைமேல் மூட்டை ஏற்றியதுபோல் மறுபடி இறுக்கினார். இரைச்சல் நின்றது, சுவர் தன் இடத்துக்கு வந்தது. துளி அங்கேயே இருந்தது. கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, சன்னல் வெளிச்சத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு மின்னியது. ஐம்பத்தொரு வயதில் அவர் முதன்முதலாக ரத்தத்தைக் கண் இருளாமல் நின்று பார்த்தார்.

"பாருவதி, இது இம்புட்டு அழகாவா இருக்கும்?"

"எது? இன்னும் போடலியா?"

"போட்டாச்சும்மா" என்றாள் மாரிச்செல்வி. குனிந்து, இரண்டு தலையணைகளையும் எடுத்துத் தட்டிக் கட்டிலில் வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, துணிகளுக்கடியிலிருந்து வேலை உத்தரவை வெளியே எடுத்தாள்.