அதே அளவுதான், நெட்டை

என் தையல் கடையில் கோணல் உடம்பு என்று ஒன்று கிடையாது. ஒரு தோள் இறங்கியிருந்தால் உள்ளே பஞ்சு வைப்பேன். வயிறு தள்ளியிருந்தால் மடிப்பை இடம் மாற்றுவேன். போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கே விஷயம் தெரியாது. அந்தத் திமிர்தான் எனக்கு வினையாக வந்தது.

அக்கா நூலகத்தில் வேலை பார்ப்பவள். வீட்டில் அவளுக்குப் பெயரே நெட்டைதான். நிமிர்ந்து நடப்பதில் அப்படியொரு பெருமை. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீளக் கவுன்களை வருடாவருடம் நான்தான் தைப்பேன். நாலு வருடத்துக்கு முன், புதிதாகத் தைத்ததைப் போட்டுப் பார்த்தபோது முன்பக்கம் தரையைத் தொட்டது, பின்பக்கம் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டது. முதுகு வளைந்தால்தான் துணி அப்படி நிற்கும். எந்தத் தையற்காரிக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது.

"என்னடி உம்முனு இருக்க? குண்டாயிட்டேனா?"

"அதே அளவுதான், நெட்டை. வாய்தான் நீண்டுபோச்சு."

முன்பக்கத்தில் வெட்டினேன், பின்பக்கத்தில் கூட்டினேன். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்தும் அப்படியே. வயதானால் முதுகு வளையாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் அவள் முகம் வாடிவிடுமே! அதைப் பார்க்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். புத்தி கெட்டவள் நான்.

போன வாரம் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியிருந்தது. ஒரு காகிதக் கட்டுக்கு!

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எலும்பெல்லாம் உள்ளுக்குள்ள மெலிஞ்சு போயிருக்கு. இது இப்ப உடைஞ்சது. மேல ரெண்டு எப்பவோ நசுங்கியிருக்கு. கொஞ்ச வருஷமாவே கூன் விழுந்திருக்கணுமே, கவனிக்கலையா?"

படுத்திருந்த அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"முதுகு வலிச்சுது, இல்லேங்கல. கூன் விழுதோன்னு எனக்கே சந்தேகம் வந்து, உங்ககிட்ட வரலாம்னுதான் இருந்தேன். இவ தைச்ச கவுனைப் போட்டுப் பாத்தேன், சுத்திலும் ஒரே மட்டமா நின்னுச்சு. கூன் விழுந்தா அப்படி நிக்குமா? அதான் வரல."

"அப்பவே வந்திருந்தா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். இந்த அளவுக்கு வந்திருக்காது. நசுங்குனது இனி நிமிராதும்மா. மிச்சத்தக் காப்பாத்தப் பாப்போம்."

அவர் போனதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியது, கூட்டியது, வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தெருவுல, நூலகத்துல... என் முதுகப் பாத்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும், இல்ல?"

"தெரிஞ்சிருக்கும்க்கா."

"அப்ப எனக்கு ஒருத்திக்குத்தான்டி நீ மறைச்சிருக்க."