திருமதி கைலாசம்

நீர்மாலை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் உமா மகேஸ்வரி அந்த பிளக்ஸைப் பார்த்தாள். நாலு பேர் நாலு முனையில் தூக்கிப் பிடித்த வெள்ளை வேட்டிக்குக் கீழே, ஈரச் சேலையும் இடுப்பில் குடமுமாக வந்தவள், தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த அத்தை அவள்மேல் மோத, அம்மாவைக் குளிப்பாட்ட எடுத்த தண்ணீர் தளும்பிச் சிந்தியது.

"என்னட்டி நின்னுட்ட? நீர்மாலையில நடுவுல நிக்கக் கூடாது. நட."

நடந்தாள். ஆனால் பார்வையை எடுக்க முடியவில்லை. வீட்டுக்கு எதிரே மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் எட்டடி நீளத்துக்குக் கட்டியிருந்தார்கள். பின்னணி முழுக்க மஞ்சள் மஞ்சளாகச் சூரியகாந்தி. சுந்தரபாண்டியபுரத்துக் காட்டில் போன ஆடி மாதம் அம்மா எடுத்த படம். அதன்மேல் கறுப்பு எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே, 'எங்கள் சாரல் கூட்டத்தின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர், அண்ணாச்சி கைலாசம் அவர்களின் துணைவியார் திருமதி கைலாசம் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்.' வலது மூலையில் ஒரு குத்துவிளக்கு. இடது மூலையில், வட்டத்துக்குள், டை கட்டிய பாஸ்போர்ட் படத்தில் அப்பா. செத்துப்போனவளின் முகமும் இல்லை, பெயரும் இல்லை.

போனது யார் என்று அந்த பிளக்ஸைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. அப்பாவோடு கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்த கடற்கரை என்பவர், ஆலங்குளம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, வட்டத்துக்குள் இருந்த முகத்தைப் பார்த்ததும், "கைலாசம், எங்களை விட்டுட்டுப் போயிட்டியேய்யா" என்று தலையில் அடித்துக்கொண்டே பந்தலுக்குள் ஓடி வந்தார். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து கைலாசம் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடற்கரையின் கை தலையிலேயே நின்றுவிட்டது. யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். உமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுச் சாயங்காலம் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிய உமாவின் அம்மா யோகலட்சுமி, நாலாவது படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயது. துணிகளை மடியைவிட்டு இறக்கவே இல்லை என்று பக்கத்து வீட்டு முத்துசெல்வி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆலங்குளத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் உமா, தகவல் கிடைத்துக் கிளம்பி வந்து சேர்வதற்குள் அம்மாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

அம்மாவைக் குளிப்பாட்டி, புதுச்சேலை சுற்றி, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்தார்கள். சுமங்கலியாகப் போனவள், கொடுத்துவைத்தவள் என்றார்கள். உமா எல்லாவற்றையும் செய்தாள். ஆனால் மனசு வெளியே மின்கம்பத்தில் கட்டிக் கிடந்தது. ஏனென்றால் அந்த பிளக்ஸில் அவளுக்கும் பங்கு இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். ஒரே வாரத்தில் அம்மா இருநூறு படம் எடுத்திருந்தாள். பஸ் ஜன்னலில் வழியும் சாரல், குற்றாலத்துக் கடையில் குவித்து வைத்த ரம்புட்டான், ஐந்தருவியில் எண்ணெய்க் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு, தண்ணீர் இல்லாத காலத்தில் அருவி விழுந்த தடம் மட்டும் தெரியும் பாறை. எங்கே போனாலும் நின்றுவிடுவாள். அப்பா நிற்க மாட்டார். வெயிலோ மழையோ, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு பத்தடி முன்னால் போய்க்கொண்டே இருப்பார். "நேத்து பாத்த மலைதானட்டி இன்னைக்கும் நிக்கி" என்பார். "நேத்து மேகம் வேறல்லா" என்பாள் அம்மா, ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போய்க்கொண்டே.

படங்களைப் போட பேஸ்புக்கில் ஒரு கணக்கு ஆரம்பித்துத் தரச் சொன்னாள் அம்மா. அப்பாதான் குறுக்கே விழுந்தார். "பொம்பள பேருல வேண்டாம். கண்டவனும் மெசேஜ் போடுவான். என் பேருல போடு, என் படத்தை வை." உமாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் செய்து கொடுத்தாள். "என் பேரு வராதாட்டி?" என்று அம்மா கேட்டாள். "படந்தானம்மா முக்கியம். பேரு யாருக்கு வேணும்?" என்றாள் உமா.

அந்தப் பதிலை நினைத்தால் இப்போது தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு கைலாசம் என்ற பேரில் ஒரு படம் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

உமா பந்தலுக்கு வந்தபோது சாரல் கூட்டத்து ஆட்கள் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். படம் எடுக்கிறவர்களும் பார்க்கிறவர்களுமாகப் பேஸ்புக்கில் சேர்ந்த கூட்டம். அதை நடத்துகிற மணிகண்டபிரபு அப்பாவின் வலது கையைப் பிடித்திருந்தான். இடது கையைக் கடையநல்லூர் முஃபீத் பிடித்திருந்தான்.

"ஷார்ஜாவுல ஒரு ரூம்ல ஆறு பேரு கெடந்தோம் அண்ணாச்சி" என்றான் முஃபீத். "எந்திச்சதும் ஒங்க படத்தைப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குவோம். சாரல் காத்து மூஞ்சில அடிக்கும். ஆறு வருசம் அதுலதான் ஓட்டுனேன். நாளைக்குப் போடலன்னாலும் பரவாயில்ல. நெதானமாப் போடுங்க."

கைலாசம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாக்கலாம்யா" என்றார்.

பாக்கலாமாம். உமா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் எங்க கூட்டத்து விழாவுல அண்ணாச்சிக்குப் பொன்னாடை போத்துனோம்லா" என்று மணிகண்டபிரபு கடற்கரையிடம் சொன்னான். "அம்மாவும் வந்திருந்தாங்க. கடைசி வரிசையில உக்காந்து அப்படிக் கைதட்டுனாங்க. போட்டோக்காரப் பையன் வரல. அம்மாதான் முன்னால வந்து அண்ணாச்சியைப் படம் எடுத்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே எடுத்திருந்தாங்க."

உமாவுக்கு இது தெரியாது. ஒரு வார்த்தை சொன்னதில்லை அம்மா. தன் படங்களுக்குப் புருஷன் பொன்னாடை வாங்கியதைத் தானே படம் எடுத்திருக்கிறாள். எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்குத் தோசையும் வார்த்திருப்பாள்.

"எங்க கூட்டத்துல ஒரு கேள்வி உண்டு அண்ணாச்சி, இப்பக் கேக்கக் கூடாது" என்று முஃபீத் தயங்கினான். "ஒங்க படத்துல பாதிக்கு மேல ஒருத்தர் குடையோட முதுகைக் காட்டிக்கிட்டுப் போறாரு. நாங்க குடைக்காரர்னு பேரே வச்சிருக்கோம். அவரு யாரு? ஒங்க கூட்டாளியா? அவருக்குத் தகவல் சொல்லியாச்சா?"

கைலாசம் ஒரு வினாடி உமாவைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "அது யாரோ போற வாற ஆளு" என்றார்.

இதற்குமேல் தாங்க முடியாது.

"அண்ணே, அந்தப் படமெல்லாம் எங்க அம்மா எடுத்தது" என்றாள் உமா. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. பந்தல் திரும்பிப் பார்த்தது.

மணிகண்டபிரபு எழுந்து நின்று கும்பிட்டான். "ஆமாம்மா. அவுங்க ஒத்துழைப்பு இல்லாம அண்ணாச்சி இவ்வளவு செஞ்சிருக்க முடியுமா?"

"ஒத்துழைப்பு இல்ல. எடுத்ததே அவுங்கதான். போட்டதும் அவுங்கதான். எங்கப்பாவுக்கு அந்த ஃபோன்ல போட்டோ எங்கன எடுக்கணும்னே தெரியாது."

ஐந்து பேரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். அந்த இரக்கம் இருக்கிறதே, அதற்குப் பதில் அவளை அறைந்திருக்கலாம். ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "ராத்திரி பூரா அழுதுருக்கும் பாவம்" என்று இன்னொருவன் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"எப்பா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

கைலாசம் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் காலி. சங்கு ஊதுகிறவன் ஊதி நிறுத்தினான். ஒரே ஒரு வார்த்தை, ஆமா என்ற ஒரு வார்த்தை போதும். அந்த வீட்டில் இருபத்தொன்பது வருஷம் பொங்கிப்போட்டவளுக்கு அந்த ஒன்று வரவில்லை அந்த வாயிலிருந்து.

சித்தப்பா கௌரிசங்கர்தான் வந்தார். "உமா, உள்ள போ. சாவு வீட்டுல பேசுத பேச்சா இது?"

"வேற எந்த வீட்டுல போய்ப் பேச சித்தப்பா? அவ பொணம் இந்த வீட்டுலதான கெடக்கு?"

"ஏலே, யாராவது இவளைக் கூட்டிட்டுப் போங்கலே."

"இப்ப அதுவாம்மா முக்கியம்?" என்றார் அப்பா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. அவர் அழுததும் உண்மைதான். நேற்றிலிருந்து சாப்பிடாததும் உண்மைதான். அதனால்தான் உமாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இந்த மனுஷனை முழுசாக வெறுக்கக்கூட முடியவில்லையே என்று வந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தூக்கினார்கள். மகன் இல்லாததால் கைலாசமே கொள்ளிச்சட்டி எடுத்தார். வாசலைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. நெருப்பு அணைந்துவிடக் கூடாதென்று சித்தப்பா கறுப்புக் குடையை விரித்து அண்ணன் கையில் கொடுத்தார். வலது கையில் உறியில் தொங்கும் சட்டி, இடது கையில் குடை. கொள்ளி கொண்டுபோகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. கைலாசம் திரும்பிப் பார்க்காமல் பாடைக்குப் பத்தடி முன்னால் நடந்தார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். உமாவும் நின்றாள். ஆண்கள் கூட்டத்தின் கடைசியில் போய்க்கொண்டிருந்த முஃபீத் நடையைக் குறைத்தான். நின்றான். முன்னால் போகும் முதுகையே பார்த்தான். இடது தோள் சற்று இறங்கியிருக்கும் அந்த முதுகு, குடையை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கும் அந்தக் கை. சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து எதையோ தேடினான். படத்தைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

கூட்டம் திருப்பத்தில் மறைந்தது. முஃபீத் அதன் பின்னால் போகவில்லை. நேராக மின்கம்பத்துக்கு வந்து, பைக் சாவியால் கயிற்றை அறுத்தான். வேப்பமரத்துப் பக்கம் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான். பிளக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உமாவிடம் வந்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

"தங்கச்சி" என்றான். "அம்மா பேரு என்ன?"

நேற்றிலிருந்து வந்துபோன இருநூறு பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

"யோகலட்சுமி."

அவன் அங்கேயே மழையில் நின்று சாரல் கூட்டத்துக்கு ஃபோனில் எழுதினான். எழுத்துச் சரியா என்று அவளிடம் காட்டினான். 'எட்டு வருடமாக நாம் பார்த்த படங்களை எடுத்தவர் யோகலட்சுமி அம்மா. அண்ணாச்சி அந்தப் படங்களில் வரும் குடைக்காரர். நமக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்று அடக்கம். மன்னிக்கவும்.' உமா தலையாட்டினாள். அப்போதுதான், நேற்றிலிருந்து முதல் தடவையாக, அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

மயானத்திலிருந்து ஈரத்தலையோடு திரும்பிய கைலாசத்துக்குச் செய்தி வழியிலேயே எட்டியிருந்தது. சாயங்காலம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி, சித்தப்பாவும் போன பிறகு, அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிட்டேல்லா?"

உமா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை நிறுத்தவில்லை. "அம்மா பேரைத்தான சொன்னேன். அது ஒங்களுக்கு மானக்கேடா?"

"நானும் எடுத்திருக்கேன்லா."

"எதை?"

அவர் யோசித்தார். எட்டு வருஷத்தில் ஒன்றையாவது தேடினார் போல. கிடைக்கவில்லை. கோபம்தான் வந்தது. "என்னமோ பெரிய வித்தை கணக்கால்லா பேசுத? ஃபோனைத் தூக்கி ஒரு அமுக்கு. அதுக்கு ஒரு பேரு, அதுக்கு ஒரு சண்டை."

"அப்ப எடுங்க" என்றாள் உமா. "நாளைக்கு ஆறு மணிக்கு நீங்களே எடுத்துப் போடுங்க."

காலையில் அவள் எழுந்தபோது அம்மாவின் ஃபோன் வைத்த இடத்தில் இல்லை. மாடிக்கதவு திறந்திருந்தது. அம்மா உட்கார்ந்த படியை மிதிக்காமல் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மழை விட்டிருந்தது. மேற்கே மலை முழுசாக வெளியே நின்றது. குற்றாலத்துப் பக்கம் மட்டும் ஒரு துண்டு மேகம், அதன் விளிம்பில் அப்போதுதான் வெயில் தொட ஆரம்பித்திருந்தது. கைலாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாக, மலையைப் பார்த்து நின்றார். இரண்டு கையாலும் ஃபோனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். இறக்கினார். துண்டால் துடைத்தார். மறுபடியும் தூக்கினார். எதையோ அமுக்கினார், வேறெதையோ அமுக்கினார்.

"ஏட்டி உமா" என்றார், திரும்பாமலே. "இதுல மலையைக் காணோமே."

உமா அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள். திரை முழுக்க அவர் முகம்தான் இருந்தது. சவரம் செய்யாத தாடை, அழுது வீங்கிய கண், அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும், அவள் முகத்தில் பாதியும்.

அவர் ஃபோனை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பார்த்தார்.