ஆறு ஸ்பிரிங்

தொண்ணூற்றேழாம் வருடம் ஜனவரியில் நடந்த கார் பந்தயத்தில் ரவிக்குமாரின் மாருதி கடைசியாக வந்து நின்றது. வால்வுகளை அதிகம் திறக்கும் புது கேம்ஷாஃப்ட் போட்டும், நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தொட்டதும் இன்ஜின் திக்கித் திணறியது.

"கார்புரேட்டர்தான் காலை வாருது" என்றான்.

பந்தயம் பார்க்க வந்திருந்த தங்கை மகா இல்லையென்று தலையை ஆட்டினாள். பொம்மனஹள்ளியில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் அவளுக்குப் பரிசோதனை வேலை.

"அண்ணா, கேம்ஷாஃப்ட்ட மாத்தின. வால்வ மூடுற ஸ்பிரிங்க மாத்துனியா?"

"பழசே நல்லாத்தானே இருக்கு?"

"இந்த கேமோட வேகத்துக்கு அதால வால்வ டைமுக்கு மூட முடியல. அதான் திணறுது."

மறுநாளே அவன் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வால்வுக்கு ஒன்றாக ஆறு ஸ்பிரிங் வாங்கி வந்தான். "மார்க்கெட்லயே இதைவிட ஸ்ட்ராங்கா கிடையாது, தெரியுமா!"

மகா ஒன்றை அவன் ஷெட்டில் இருந்த வைஸ் பிடியில் வைத்து இறுக்கி, அளந்து பார்த்தாள். "கேம் முழுசா அமுக்கினா ஸ்பிரிங்குக்கு மிஞ்சுற உயரம் இருபத்தஞ்சு மில்லிமீட்டர். இது இருபத்தாறுலயே சுருளோட சுருள் ஒட்டிக்குது. ஸ்டார்ட் பண்ணியிருந்தா கேம் போயிருக்கும்."

ரவிக்குமாரின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் மறுபடி கிளம்பி, வேறு இரண்டு வகை வாங்கி வந்தான். பக்கத்து கிளினிக்கில் எடை மெஷினைக் கெஞ்சி வாங்கினார்கள். அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, ஷெட்டில் நிறுத்தியிருந்த டிரில் மெஷினின் கைப்பிடியை இறக்கி, உயரம் இருபத்தைந்து மில்லிமீட்டர் ஆகும் வரை அமுக்கினார்கள். முதல் வகை முப்பத்தெட்டு கிலோவிலேயே சோர்ந்தது. இரண்டாவது ஐம்பத்துநாலு கிலோ காட்டியது. சுருள்களுக்கு நடுவே இடமும் மிச்சம் இருந்தது.

"இதான்!" என்றாள் மகா. ஆனால் ஆறில் ஒன்று மட்டும் நாற்பத்தேழில் நின்றது. அதைத் தானே எடுத்துப்போய்க் கடைக்காரரிடம் வாதாடி மாற்றி வந்தாள்.

ஸ்பிரிங்குகளை மாட்டி ஓட்டிப் பார்த்த அன்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்று காட்டும் முள் ஆறாயிரத்தைத் தாண்டியது. ஆறாயிரத்து ஐந்நூறு. ஏழாயிரம். திக்கலே இல்லை. "அய்யோ அண்ணா!" என்று கத்தினாள், பயத்திலா சந்தோஷத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிப்ரவரிப் பந்தயத்தில் ரவிக்குமார் மூன்றாவதாக வந்தான். முதலில் வந்த ஆம்ப்ரோஸ் நேராக அவனிடம் வந்தார். "சுத்து ஏற ஏற உன் வண்டி ஸ்மூத்தா இழுக்குதே, குரு. யாரு செட் பண்ணது?"

ரவிக்குமார் தங்கையின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

மகா வெட்கப்பட்டது ஒரு நொடிதான். "உங்க கேம் வால்வ எத்தனை மில்லிமீட்டர் தூக்குது சார்?" என்று கேட்டபடி கைப்பையில் பேனாவைத் தேடினாள்.