துண்டுக்குள் மறைத்த கை

காலை ஏழு மணிக்கெல்லாம் பிரசிடெண்ட் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் என்னவோ மதிவாணன்தான். ஆனால் வருகிறவர்கள் தேடுவது அவர் மனைவி துர்காதேவியை. ஒருத்திக்குப் பிரசவம், ஒருவருக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி என்று யார் வந்து நின்றாலும் கார் சாவியை எடுத்து டிரைவரிடம் கொடுத்துவிடுவாள். நெல் விற்ற காசில் பாதி இப்படியே கரையும். செத்தவர்களைக் கிடத்த ஒரு ஐஸ் பெட்டிகூட ஊருக்கு வாங்கி வைத்திருந்தாள். நல்ல மனசுதான், அதில் பொய்யில்லை.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. எதைக் கொடுத்தாலும் போட்டோ. கொடுக்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம், பொருள் நடுவில். மறுநாளே பஸ் ஸ்டாப்பில் பேனர் ஏறிவிடும். "நாலு பேர் பாத்தா இன்னும் நாலு பேர் செய்வாங்க" என்பார் மதிவாணன். துர்காதேவி அதை நம்பினாள். அந்த நாலு பேருக்கும் ஓட்டு இருக்கிறது என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பச்சையப்பன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தான். பிரஸ் மெஷின் அவன் வலது கையை மணிக்கட்டோடு தின்றுவிட்டது. கம்பெனியோ, அவன் தங்கள் ஆளே இல்லை என்றது. அவன் மனைவி சத்யா வந்து அழுத அன்றைக்கே, டிபன் கடை போட்டுக்கொள்ளட்டும் என்று துர்காதேவி ஒரு தள்ளுவண்டிக்கு ஏற்பாடு செய்தாள்.

வண்டியைக் கொடுக்கும்போது பச்சையப்பன் அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றான்.

"துண்ட எடுப்பா. கைய கொஞ்சம் தூக்கினு நில்லு. உனக்கு இன்னா ஆச்சுன்னு ஜனங்களுக்குத் தெரிய வாணாமா?" என்றார் மதிவாணன்.

பச்சையப்பன் துர்காதேவியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷ வேலைதானே என்று சும்மா இருந்துவிட்டாள். அவன் துண்டை எடுத்தான்.

பேனர் ஏறியது. பச்சையப்பனின் மகள் காயத்ரி எட்டாவது படிக்கிறாள். அதே ஸ்டாப்பில்தான் பஸ் ஏற வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் சட்டைக் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு, பேனரில் அவள் அப்பா நிற்கிற மாதிரியே தூக்கிக் காட்டினார்கள். அவள் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். பச்சையப்பன் அவளைத் திட்டவில்லை. தள்ளுவண்டியைக் கொல்லையில் நிறுத்தி, சாக்குப் போட்டு மூடிவிட்டான். அதன் பிறகு வெளியே தலைகாட்டுவதே அபூர்வம்.

மழையிலும் வெயிலிலும் பேனர் கிழிந்து போனது. காயத்ரி மெல்ல மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். அப்படி ஒரு மத்தியானம் பச்சையப்பனுக்கு நெஞ்சை அடைத்தது. வியர்த்துக் கொட்டியது.

"இரு, ஓடிப்போய் பிரசிடெண்ட் ஊட்ல கார் கேக்கறேன்" என்று சத்யா எழுந்தாள்.

அவன் அவள் புடவையை இடது கையால் பிடித்துக்கொண்டான். "வாணாம் சத்யா. அதையும் போட்டோ புடிச்சி மாட்டுவாங்க. இப்பதான் பொண்ணு ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்குது. ஆம்புலன்சுக்குப் போன் போடு."

ஆம்புலன்ஸ் ஹைவேயில் நடந்த ஒரு விபத்துக்குப் போயிருந்தது. அது வருவதற்குள் அவன் போய்விட்டான். இரண்டு தெரு தள்ளி துர்காதேவியின் கார் சும்மா நின்றுகொண்டிருந்தது.

செய்தி கேட்டு அவள் அலறியடித்துக்கொண்டு வந்தாள். அவள் வாங்கிக் கொடுத்த ஐஸ் பெட்டிக்குள்தான் பச்சையப்பன் கிடந்தான்.

"இன்னாடி சத்யா, எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? கார் ஊட்லதானே நின்னுச்சு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

சத்யா அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. "வண்டி குடுத்தீங்கக்கா, நான் மறக்கல. ஆனா அந்தக் கைய அவரு எங்கிட்டகூட காட்டினதில்ல. துண்டு போட்டுக்கினுதான் சாப்புடுவாரு. ஊரு முன்னாடி எடுக்கச் சொன்னீங்களே."

அந்த நேரம் பார்த்து துர்காதேவியின் போன் அடித்தது. யாரென்று பார்க்க முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், மதிவாணன்தான். ஸ்பீக்கரை அழுத்தினாள். பெட்டியருகே இருந்த காயத்ரி சட்டென்று எழுந்தாள். உள்ளே அப்பாவின் வலது கை இருந்த இடத்தில், கண்ணாடி மேல் தன் இரண்டு கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டாள்.

"எங்க நைனாவ போட்டோ எடுக்காதீங்க."

துர்காதேவி உடைந்து போனாள். போனிலிருந்து குரல் வந்தது. "துர்கா, கண்ணீர் அஞ்சலி பேனருக்குச் சொல்லிட்டேன். அந்த வண்டி குடுத்த போட்டோ இருக்குது இல்ல, அதையே வெச்சிடலாம்."

"வாணாங்க" என்றாள். "இனிமே நம்ம ஊட்ல யாருக்கு எது குடுத்தாலும் போட்டோ கெடையாது. மானத்த வாங்கிக்கினு குடுக்கறது உதவியே இல்லீங்க. நம்மகிட்ட உதவி கேக்கவே பயந்துகினு ஒரு மனுசன் செத்துட்டான்."