வால்வுக்குள் ஒரு நூல்

பெரியமடுவில் ரோட்டு வேலைக்கு நின்ற பழைய லோடரின் மண் அள்ளும் பக்கெற், கீழே கல் அடுக்கிக்கொண்டிருந்த சிங்கராசாவின் காலில் இறங்கிப் பத்து நாளாகியிருந்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன. லோடரை ஓட்டிய யாகப்பர், தன் முழங்கால்தான் லீவரில் பட்டிருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வேலையை விட்டு விடத்தல்தீவுக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பதிலாக வந்தவர், தூக்கிய பக்கெற் மேலே நிற்காமல் தானாகவே இறங்குகிறது என்றார். லோடரின் சொந்தக்காரி மாக்கிறட் மெக்கானிக் அபூசாலியைக் கூப்பிட்டார்.

அபூசாலி பக்கெற்றில் கிரவல் மண்ணை நிரப்பித் தூக்கி, எஞ்சினை நிறுத்தினார். ஒரு நிமிடத்துக்குள்ளேயே அது ஒரு சாண் இறங்கியது. மரக்குற்றிகளை முட்டுக் கொடுத்து, சிலிண்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி வாயை இறுக்கி அடைத்தார். பிறகு மரக்குற்றிகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். பக்கெற் அசையவில்லை. சிலிண்டரில் பிழையில்லை, ஒயிலைத் திருப்பிவிடும் கொன்ட்ரோல் வால்வில்தான் பிழை.

வால்வைக் கழற்றினார். உள்ளே, மூடி இறுகி உட்கார வேண்டிய இடத்தில், பச்சைக் கட்டம் போட்ட துணியின் நூல் ஒன்று சிக்கியிருந்தது.

அது அவர் உடுத்துக் கழித்த பழைய சாரத்தின் நூல். போன மாதம் இதே வால்வுக்கு சீல் மாற்றியவர் அவர்தான். நானாட்டானில் ஒரு உழவு மெஷின் காத்திருந்த அவசரத்தில், நூல் விடும் துணியால் உள்ளே துடைத்துப் பூட்டியிருந்தார். துடைக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தே செய்தது.

"என்ன நானா பிழை?" மாக்கிறட் கேட்டார்.

"வால்வுக்குள்ள அழுக்கு."

பொய்யில்லைதான். ஆனால் நூலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாகப்பரிலயும் பிழைதானே? அவரே ஒத்துக்கொண்டார்," என்றார் மாக்கிறட்.

அபூசாலி ஸ்பானரைக் கீழே வைத்தார். "இல்லை அக்கா. அவர் ஒண்டும் செய்யேல்லை. நான்தான்." நூலை எடுத்துக் காட்டினார். மாக்கிறட் நூலை வாங்கிப் பார்த்தார். "இதை எனக்குச் சொன்னாப் போதாது. யாகப்பருக்குப் போய்ச் சொல்லுங்கோ," என்றார்.

வால்வைக் கழுவிப் பூட்டிச் சரிபார்த்துவிட்டு, அபூசாலி அன்று பின்னேரமே விடத்தல்தீவுக்குப் போனார். யாகப்பர் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அபூசாலி சொன்னதைக் கேட்டு முடித்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"சுவாமியிட்ட என்ர பாவமெண்டு சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டன், நானா. ஒவ்வொரு நாளும் என்ர முழங்காலைப் பார்த்துப் பார்த்து..." பிறகு கோபம் வந்தது. "பத்து நாள்! உங்களுக்கு அது வெறும் ஒரு துணி!"



கடைசியில் யாகப்பரே எழுந்தார். "சிங்கராசா வீட்டை போவம். நானும் வாறன்."

சிங்கராசா கட்டுப் போட்ட காலைக் கதிரையில் நீட்டியிருந்தார். அபூசாலி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது சிங்கராசா கையை உயர்த்தித் தடுத்தார்.

"யாகப்பண்ணை, நீங்கள் இருங்கோ. உங்களை நான் வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன்." பிறகு, அபூசாலியைப் பார்க்காமலே, "நீங்கள் இப்ப போங்கோ. இன்னொரு நாள் வாங்கோ," என்றார்.

"ஓம், வாறன்," என்று அபூசாலி படியிறங்கினார். உள்ளே யாகப்பருக்குத் தேத்தண்ணி போடச் சொல்லும் சிங்கராசாவின் குரல் கேட்டது.