வெளுத்த மூக்கு

துருக்கியில், எங்கள் எஸ்கிஷெஹிர் ஊரில், புகைபிடிக்கிற சுங்கான் விற்கிற எல்லோருக்கும் கண் உண்டு. ஹஷ்மத் ஐயாவின் கண் மட்டும் தனி ரகம். ஒட்டுப்போட்ட சுங்கானைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுமாம். சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான்.

அந்த மகானின் மகள் பெல்கினைத்தான் கட்டுவேன் என்று என் தம்பி நெஜாத் ஒற்றைக்காலில் நின்றான். பெண் கேட்கப் போனோம்.

"கல்லு செதுக்குறவனுக்குப் பொண்ணு குடுக்கணும்னா கைவேலையப் பாக்கணும்ல? என் மூஞ்சியவே சுங்கானா செதுக்கிக் கொண்டா. ஒரே கல்லு. ஒட்டு இருந்துச்சு, இந்தப் படி ஏறாத" என்றார்.

அவர் முகத்தில் தாடி இருந்தது, மீசை இருந்தது, மூக்கும் இருந்தது. மூக்கு விஷயத்தில் ஆண்டவன் கஞ்சத்தனம் காட்டவில்லை.

எங்கள் ஊர் வெள்ளைக்கல்லை ஈரத்தோடுதான் செதுக்க வேண்டும். நெஜாத் உயிரைக் கொடுத்துச் செதுக்கினான். காயவைத்து, தேய்த்து மெருகேற்றும்போது ஒரு சத்தம்.

"அக்கா, மூக்கு போச்சு!"

"யார் மூக்குடா?"

"மாமனார் மூக்கு!"

அவ்வளவு பெரிய வெள்ளைக்கல் மறுபடி கிடைக்காது. உடைந்ததைப் பசை போட்டு ஒட்டினான். மெழுகில் முக்குவது என் வேலை. உருக்கிய தேன்மெழுகுக்குள் மாமனாரை இறக்கி எடுத்து, துணியால் துடைத்தேன். மெழுகைப் போல நல்ல மனசுக்காரி கிடையாது. கீறலை மூடும், ஒட்டை மறைக்கும், யாரிடமும் வாய் திறக்காது. ஆனால் தினம் புகைக்கப் புகைக்க வெள்ளைக்கல் தேன் நிறத்துக்குப் பழுக்கும். பசையைத் தாண்டி மட்டும் அந்த நிறம் ஏறாது.

ஹஷ்மத் ஐயா சுங்கானைப் பல்லில் தட்டினார், பூதக்கண்ணாடியில் பார்த்தார். "ஒரே கல்லு!" என்றார். மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும் எங்கள் வழக்கப்படி பெல்கின் உப்புப் போட்ட காப்பியைக் கொடுத்தாள், நெஜாத் முகம் சுளிக்காமல் குடித்தான். கல்யாணம் அறுவடைக்குப் பிறகு என்று முடிவானது.

மனிதர் காப்பிக்கடையில் உட்கார்ந்து சளைக்காமல் புகைத்தார். கோடை முடிவதற்குள் சுங்கானின் கன்னம் தேன் நிறம், தாடி அதைவிடக் கருமை. மூக்கு மட்டும் தயிர் மாதிரி வெளுப்பு.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பத்திரிகை கொடுக்க நாங்கள் அதே காப்பிக்கடைக்குப் போனபோது, சவரக்கடை ரிஃப்கி ஆரம்பித்தான்.

"ஐயா, மூக்கு ஒட்டு மாதிரியில்ல தெரியுது?"

கடையே திரும்பிப் பார்த்தது. நெஜாத்துக்கு முகத்தில் ரத்தமே இல்லை. ஹஷ்மத் ஐயா மூக்கைப் பார்த்தார், என் தம்பியைப் பார்த்தார், பிறகு கடையில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தார்.

"ஒட்டா? நான் பார்த்து வாங்குனதுல ஒட்டா? அட மடையா, அசல் கல்லுன்னா மூக்கு வெளுப்பாத்தான் நிக்கும். உன் சுங்கானு முழுசும் பழுத்திருக்கே, எவன்கிட்ட ஏமாந்த?"

ரிஃப்கி தன் சுங்கானை மெதுவாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறுவாரமே ரிஃப்கி வந்தான், வெளுத்த மூக்கோடு ஒன்று வேண்டுமாம். பின்னாலேயே ஊரே வந்தது. இப்போது என் தம்பி குறையில்லாமல் ஒரு மூக்கைச் செதுக்குகிறான், கண்ணை மூடிக்கொண்டு உடைக்கிறான், திரும்ப ஒட்டுகிறான். நான் மெழுகில் முக்குகிறேன்.

அவசரத்தில் ஒன்று மட்டும் உடையாமல், ஒரே கல்லாகவே கைமாறிவிட்டது. வாங்கியவர் புகைத்துப் புகைத்து மூக்கு வரை பழுக்கவைத்து, போன வாரம் இது போலி என்று சண்டைக்கு வந்தார். ஹஷ்மத் ஐயா பத்தடி தூரத்திலேயே நின்று பார்த்தார்.

"ஒட்டு" என்றார்.

நெஜாத் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொன்று கொடுத்தான்.